முதல் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து) மாத்திரையை வாங்கும் முன் இதைப் படியுங்கள்

எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்று தெரிந்த புதிதில் யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவோம். அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் பக்கத்து டாக்டர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். பெயர் வேண்டாம். "கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போனா ஊருக்கே தெரிஞ்சிடும் தம்பி, நானே பாத்துக்கிறேன்" என்றார். அவர் கிளினிக்கிலேயே மருந்துக்கடையும் உண்டு. ஜிடோவுடின், லாமிவுடின், நெவிரபின் மூன்றும் சேர்ந்த மாத்திரை, காலை ஒன்று, இரவு ஒன்று. கூடவே எதிர்ப்புச் சக்திக்கு என்று ஒரு பொடி டப்பா. மாத்திரையைவிடப் பொடிதான் விலை அதிகம்.

ரத்தப் பரிசோதனை எதுவும் எடுக்கவில்லை. ஜிடோவுடின் ரத்தசோகையை உண்டாக்கக்கூடியது. ஹீமோகுளோபின் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். நெவிரபினை முதல் 14 நாள் தினமும் 200 மி.கி. ஒரு வேளை மட்டும் கொடுத்து, தோலில் தடிப்போ ஈரல் கோளாறோ இல்லையென்றால்தான் இரு வேளையாக்குவார்கள். எனக்கு முதல் நாளிலிருந்தே இரு வேளை. உடம்பெல்லாம் தடித்துப் போய் நின்றபோது, "மருந்து வேலை செய்யுது" என்றார் அந்த மனிதர். தடிப்பு அடங்கியது. அப்புறம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. அதற்கு ஒரு இரும்புச்சத்து டானிக், அதுவும் அவர் கடையிலேயே.

2004 ஏப்ரலில் அரசு இலவச ஏ.ஆர்.டி. தொடங்கியபோது இப்படிப்பட்ட கூட்டுகள்தான் பலரைப் பிழைக்க வைத்தன, மறுக்கவில்லை. ஆனால் காலம் மாறிவிட்டது. டோலுடெகிராவிர் என்ற மருந்து உள்ள கூட்டையே முதலில் கொடுக்கச் சொல்லி 2019-லேயே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்துவிட்டது. நம் அரசு மையங்களில் புதிதாகத் தொடங்கும் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் டி.எல்.டி.தான்: டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெகிராவிர் 50 மி.கி. சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று, காசில்லாமல்.

தெரிந்த நர்ஸ் அக்கா ஒருவர் சொல்லித்தான் நம்பிக்கை மையத்துக்கு, அதாவது அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையத்துக்குப் போனேன். கிளினிக்கில் ரிப்போர்ட்டைத் தர மறுத்தார்கள். பரவாயில்லை, அங்கேயே மறுபடி பரிசோதித்து ஏ.ஆர்.டி. மையத்துக்கு அனுப்பினார்கள். மாத்திரையைத் தொடுவதற்கு முன்பே ஹீமோகுளோபின், ஈரல், கிரியேட்டினின், ஹெபடைடிஸ் பி எல்லாம் பார்த்தார்கள். டெனோஃபோவிர் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், அதனால் கிரியேட்டினின். ஹெபடைடிஸ் பி இருப்பவருக்கு டெனோஃபோவிரும் கூட்டில் இருப்பது நல்லது. லாமிவுடின் மட்டும் கொடுத்தால் அந்த வைரஸ் அதற்குப் பழகிவிடும். இருமல், காய்ச்சல், எடை குறைவு உண்டா என்று கேட்டதும் காரணத்தோடுதான். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு டோலுடெகிராவிர் இரு வேளை வேண்டும்.

என் ஹீமோகுளோபினைப் பார்த்துவிட்டு ஏ.ஆர்.டி. மையத்து டாக்டரம்மா முதலில் கேட்டது, "யாருப்பா உனக்கு இதை எழுதிக் கொடுத்தது?"

பொடியையும் காட்டினேன். கால்சியம், இரும்பு, துத்தநாகம் எல்லாம் அதில் இருந்தது. டோலுடெகிராவிர் உடம்பில் சேர்வதை இவை குறைத்துவிடும். மாத்திரை போட்டு 2 மணி நேரம் கழித்தோ, மாத்திரைக்கு 6 மணி நேரம் முன்போதான் எடுக்க வேண்டும் என்றார். அல்சருக்குக் குடிக்கும் ஆன்டாசிடுக்கும் இதே கணக்குதான். டப்பா குப்பைக்குப் போனது.

அரசு மையத்தில் கூட்டம் உண்டு, அரை நாள் போய்விடும். ஆனால் ஊருக்குத் தெரியும் என்பது வெறும் பூச்சாண்டி. சம்மதமில்லாமல் ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை வெளியே சொல்வதை 2017-இன் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், அந்த வரிசையில் நிற்பவர் யார் யாரைக் காட்டிக்கொடுப்பார்? தனியாரிலும் நல்லவர்கள் இருக்கிறார்கள்; அவர்கள் மருந்துக்கு முன் பரிசோதனைச் சீட்டு எழுதுவார்கள்.

ஒன்று முக்கியம். இதைப் படித்துவிட்டு நெவிரபின் கூட்டில் இருப்பவர்கள் தாங்களாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். மற்ற இரண்டும் சீக்கிரம் வெளியேறிவிடும். நெவிரபின் மட்டும் ரத்தத்தில் பல நாள் தங்கும், அதற்குள் வைரஸ் அதை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும். தடிப்போடு காய்ச்சல், வாய்ப்புண், கண் மஞ்சள் என்றால் மட்டும் காத்திருக்காமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். எந்த மையம் பக்கம் என்று தெரியாவிட்டால் 1097-க்குப் போன் போடலாம், கட்டணம் கிடையாது.