உப்புக் காற்றில் செம்பு மழைச் சங்கிலி: சில மழைக்காலம் பார்த்த பிறகு

தேவிபட்டினம் பக்கம், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. முற்றத்துத் தாழ்வாரத்தில், கூரையில் விழும் மழைத் தண்ணீரைக் கீழே இறக்கும் குழாய்க்குப் பதிலாகச் செம்பு மழைச் சங்கிலி தொங்குகிறது; தண்ணீர் அதன் வழியாக வழிந்து இறங்கும். ஜப்பானியக் கோயில் கூரைகளில் காலங்காலமாக இருப்பதுதான். எங்களுடையது பூக்கிண்ணங்களை ஒன்றின் கீழ் ஒன்றாகக் கோத்தது. ஒவ்வொரு கிண்ணமும் கன்னார் கையால் தட்டியது. சுத்தியல் பட்ட தடம் விரலுக்குத் தட்டுப்படும்.

வாங்க நினைப்பவர்கள் முதலில் கொக்கியைப் பாருங்கள். சங்கிலிக்கு ஒன்றும் ஆகவில்லை. கூடவே கொடுத்த கால்வனைஸ் (துத்தநாகம் பூசிய இரும்பு) கொக்கிதான் அடுத்த ஐப்பசிக்குள் துருவேறி அறுந்தது. உப்பு ஈரத்தில் செம்பும் துத்தநாகம் பூசிய இரும்பும் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு மின்கலம். கரைவது எப்போதும் துத்தநாகமும் இரும்பும்தான், செம்பு அல்ல. செம்பில் வழிந்த தண்ணீர் கீழே தகரத்தில் விழுந்தாலும் தகரம் சீக்கிரம் ஓட்டையாகும். அலுமினியத்துக்கும் இதே கதி. கொக்கி, வளையம், மேலே தண்ணீர் இறங்கும் புனல் எல்லாவற்றையும் செம்பிலேயே மாற்றினோம். அதன்பிறகு தொல்லை இல்லை.

"புளி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு இருக்குமே அக்கா" என்று வருகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். நான் தேய்ப்பதில்லை. முதலில் பழுப்பு, பிறகு கருமை, இப்போது மடிப்புகளில் பச்சை. அந்தப் படலம்தான் உள்ளே இருக்கும் செம்பைக் காக்கிறது; தேய்த்தால் உப்புக்குப் புதுச் செம்பைக் காட்டுகிறோம். எனக்கு இந்த நிறம்தான் பிடித்தும் இருக்கிறது.

வாடைக்காற்றில் சங்கிலி ஆடிச் சுவரில் இடிக்கும். கீழ்முனையைக் கட்டாயம் தரையோடு பிணைக்க வேண்டும். வெறும் வளையச் சங்கிலி பார்க்க மெலிதாக அழகாக இருக்கும், ஆனால் காற்றடித்தால் தண்ணீரைச் சிதறிச் சுவரை நனைத்துவிடும். நம் கரைக்குக் கிண்ண வகைதான் சரி.

மொட்டை மாடித் தண்ணீர் முழுவதையும் இதில் இறக்காதீர்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை 1 லிட்டர். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அந்த மழையில் 50 சதுர மீட்டர் மாடி 20,000 லிட்டர் தரும். எங்கள் சங்கிலிக்குத் தாழ்வாரக் கூரை மட்டும். மாடிக்கு நாலு அங்குலக் குழாய்கள்தான். அந்தத் தண்ணீர் முதல் மழையைக் கழித்துவிட்டு, மணல், கரி வடிகட்டி வழியாக நிலத்தடித் தொட்டிக்குப் போகிறது. நிலத்தடி நீர் உவர்ப்பாக இருக்கும் ஊரில் இதுதான் குடிக்கும் தண்ணீர். மழைநீர் செம்பைக் கொஞ்சம் கரைக்கும் என்பதால் சங்கிலித் தண்ணீரைத் தொட்டியில் சேர்ப்பதில்லை, தென்னைக்கு விடுகிறோம்.

சங்கிலிக்குக் கீழே மானாமதுரை மண் தொட்டி, நிறையக் கூழாங்கல். மண் உறிஞ்சிய உப்பு வெயிலில் பூத்து, விளிம்பு செதில் செதிலாக உரிகிறது. பங்குனிக்குள் நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினால் உரிவது குறைகிறது. அதிக நாள் உழைக்க வேண்டுமென்றால் கருங்கல் தொட்டி. ஆனால் மண் தொட்டியில் விழும் சத்தம் கல்லில் வராது, அதனால் உடைந்தால் இன்னொரு மண் தொட்டியைத்தான் வாங்குவேன்.