வலப்பக்கம் ஓட்டினால்தான் தப்பலாம்: சிம்ப்சன்ஸ் ஹிட் அண்ட் ரன்

மட்டக்களப்பு கல்முனை றோட்டில் ஓடிப் பழகின கைக்கு சிம்ப்சன்ஸ் காட்டூன் தொடரை வைத்துச் செய்த ‘ஹிட் அண்ட் ரன்’ என்ற இந்த வாகனம் ஓட்டும் வீடியோ கேமில் முதல் தொல்லை ஸ்டியரிங்கில் இல்லை, பழக்கத்தில்தான். கதை நடக்கும் ஸ்பிரிங்ஃபீல்ட் ஊரில் வாகனங்கள் வலப்பக்கம் ஓடும். நாலு சந்தி கிறுகுவதற்குள் கை தானாக இடப்பக்கம் இழுக்கும், எதிரே வாற வாகனத்தில் நேராகப் போய் முட்டும். முதல் அரைமணி நேரம் மிஷன் எதையும் தொடாமல் சும்மா ஊரைச் சுற்றுங்கள். இது காலத்தை வீணாக்குவதல்ல. ஒழுங்கைகளைப் படித்து வைத்தவருக்குத்தான் பிறகு கடிகாரத்தை வெல்ல முடியும்.

2003 செப்டெம்பரில் பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பொக்ஸ், கேம்கியூப் மூன்றுக்கும் வந்து, அந்த வருடக் கடைசியில் கணினிக்கும் வந்தது. செய்தவர்கள் கனடா வான்கூவரின் ரடிகல் என்டர்டெயின்மென்ட், வெளியிட்டது விவெண்டி யுனிவர்சல் கேம்ஸ். இதே ரடிகல் 2001இல் செய்த ரோட் ரேஜ் வெறும் டக்ஸி ஓட்டம். இதில் ஜீடிஏ 3 (கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ 3) என்ற கேமின் பாணியில் வாகனத்தை விட்டு இறங்கி நடக்கலாம், கதவைத் திறந்து கடைக்குள் போகலாம், கண்டதை எல்லாம் உதைக்கலாம். இரத்தம் கிடையாது, துவக்குச் சண்டையும் கிடையாது. இடிபட்டவர் எழும்பி ஏசிவிட்டுப் போவார். வீட்டில் சின்னப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தாலும் திரையை அணைக்கத் தேவையில்லை.

ஏழு லெவல். ஒவ்வொன்றிலும் நாம் ஆட்டுவிக்கும் ஆள் மாறும்: முதலாவதும் ஏழாவதும் அப்பா ஹோமர், இரண்டாவதும் ஆறாவதும் மகன் பார்ட், மூன்றாவது மகள் லிசா, நாலாவது அம்மா மார்ஜ், ஐந்தாவது கடைக்காரர் அப்பு. ஆனால் வரைபடம் மூன்றுதான். 1, 4, 7 மூன்றும் சிம்ப்சன்ஸ் வீடிருக்கும் குடியிருப்புப் பக்கம், 2உம் 5உம் நகர மத்தி, 3உம் 6உம் கடற்கரைத் துறைமுகப் பக்கம். புது லெவல் என்று ஆசையோடு போனால் பழைய றோட்டுத்தான் வரவேற்கும். இதைச் சிக்கனம் என்றுதான் சொல்ல வேண்டும். ஏழாவது மட்டும் பேய் இரவாக மாறி, செத்த பிணங்கள் தெருவில் நடமாடுவதால் பழசு தெரியாது.

ஒவ்வொரு லெவலிலும் ஏழு கதை மிஷன், ஒரு போனஸ் மிஷன், மூன்று றேஸ். போனஸ் மிஷனுக்கு ஒரு வாகனம் பரிசு, மூன்று றேஸையும் வென்றால் இன்னொன்று. மிச்சத்தைச் சல்லி கொடுத்து வாங்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். கதை நடுவில் நின்று “இந்த வாகனத்தை வாங்கிக்கொண்டு வா” என்பார்கள், அல்லது “இந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு வா” என்பார்கள். முதல் லெவலிலேயே ஹோமரின் கூட்டாளி பார்னியிடம் ப்ளோ கிங் என்ற பனி தள்ளும் லொறி விலைக்கு நிற்கும். கையில் சல்லி இல்லாவிட்டால் கதை அங்கேயே நிற்கும்.

அதனால் லெவல் தொடங்கின உடனேயே சேர்த்து வையுங்கள். மரப்பெட்டிகளை உடைத்தால் சல்லி, ‘பஸ் கோலா’ (Buzz Cola) என்ற சோடா விற்கும் இயந்திரத்தை உதைத்தால் சல்லி. எல்லாவற்றையும்விட வருமானம் தருவது பறந்து திரியும் குளவிக் கமராக்கள், லெவலுக்கு 20. கீழே நின்று குதித்தால் எட்டாது. இரட்டைத் தாவல் போட்டு மேலிருந்து மிதிக்க வேண்டும், அல்லது நேராகத் தாவி உதைக்க வேண்டும். தேடிச் சேர்க்கிற அட்டைகள் லெவலுக்கு ஏழு, மொத்தம் 49. எல்லாம் சேர்த்தால், தொடருக்குள்ளேயே வரும் இட்சி அண்ட் ஸ்கிராட்சி என்ற பூனை எலிக் காட்டூன் ஒன்று திறக்கும். அந்தத் துண்டுப் படத்துக்காக மட்டும் 49ஐயும் தேடி அலைவது கொஞ்சம் கூடுதல். ஆனால் கூரை மேல், மதில் பின்னால் என்று ஒளித்து வைத்திருக்கும் இடங்கள் ஊரைக் கற்றுத் தரும்.

‘ஹிட் அண்ட் ரன்’ (இடித்துவிட்டு ஓடுவது) என்ற பெயருக்குக் காரணமான வட்டம் திரையின் ஓரத்தில் இருக்கும். ஆட்களை இடித்தால், கம்பம் வேலி முறித்தால், மற்ற வாகனத்தைத் தட்டினால் அது நிரம்பும். நிரம்பினால் பொலிஸ் துரத்தும், பிடித்தால் 50 சல்லி தண்டம். 50 பெரிய தொகை இல்லை, ஆனால் மிஷன் நடுவில் பொலிஸ் குறுக்கே நின்றால் போகும் நேரம் பெரிது. வட்டம் முக்கால் தாண்டினால் ஒதுக்குப்புறமாகப் போய் எதையும் தொடாமல் ஓடுங்கள், அது தானாக இறங்கும்.

மிஷன்களில் அலுப்பு உண்டு, மறைக்கத் தேவையில்லை. பாதிக்கு மேல் “நேரம் முடிய முன் பொறுக்கு”, “அவனை முந்து”, “அந்த வாகனத்தை உடை” என்ற மூன்றுக்குள் அடங்கிவிடும். தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் கையல்ல, வாகனத் தெரிவுதான். உடைக்கும் மிஷனுக்குப் பாரமான வாகனம் வேண்டும், பின்னால் முட்டாமல் பக்கவாட்டில் தள்ளிச் சுவரோடு நெரிக்க வேண்டும். மார்ஜின் கேன்யனேரோ இதற்கு நல்லது. றேஸுக்கும் பொறுக்குவதற்கும் இலேசானது எடுங்கள். தொலைபேசிக் கூண்டில் வாகனம் மாற்றலாம். நொறுங்கினதைத் திருத்தவும் அங்கேதான் சல்லி கட்ட வேண்டும், அல்லது றோட்டில் கிடக்கும் ஸ்பானர் சின்னத்தின் மேல் ஓட்டுங்கள். வழிகாட்டும் அம்புக்குறியை முழுசாக நம்ப வேண்டாம், அதற்குப் பெருந்தெரு மட்டும்தான் தெரியும். வளவுக்குள்ளால், புல்வெளிக்குள்ளால் வெட்டிப் போகிறவர்தான் வெல்வார்.

கடைசி லெவலில் அணுக்கழிவுப் பீப்பாயை ஏற்றிக்கொண்டு வேற்றுக்கிரகவாசிகளின் பறக்கும் தட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், மூன்று தடவை. நேரமும் இறுக்கம், முட்டினால் பீப்பாயும் வெடிக்கும். முழு வேகத்தில் போகிறவர்கள் எல்லாரும் வளைவில்தான் போய்ச் சேர்கிறார்கள். வளைவுக்கு முன்னாலேயே எக்சிலேட்டரை விடுங்கள், ஹேண்ட்பிரேக்கைக் கடைசி நொடியில் இழுக்க வேண்டாம். முதல் சந்தியிலேயே ஒரு இடி விழுந்தால் மிச்சத்தை ஓடி மினக்கெடாமல் உடனே ரீஸ்டார்ட்.

இன்றைக்கு எங்கே வாங்குவது என்பதுதான் சிக்கல். கணினி கேம் விற்கும் இணையக் கடைகளான ஸ்டீமில் இல்லை, ஜீஓஜியில் இல்லை, ரீமாஸ்டரும் (புதுப்பித்த பதிப்பும்) வரவில்லை. பழைய டிஸ்க் கையில் இருந்தாலும் களவுப் பிரதியைத் தடுக்கும் அந்தக் காலத்து டிஸ்க் காப்பு முறைகளை விண்டோஸ் 10 நேரடியாக ஓட விடாது. கிடைத்த தளத்தில் எல்லாம் “முழு கேம்” என்று இறக்கி வைரஸை வீட்டுக்குக் கூப்பிட வேண்டாம். சொந்த டிஸ்க் உள்ளவர் கேமை புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் போடாமல் டி டிரைவில் தனிக் கோப்புறையில் போடுவது நல்லது, சேவ் எழுத அனுமதி கேட்டு விண்டோஸ் இடைஞ்சல் பண்ணாது. அதன்பிறகு டோனட் ரீம் என்ற ரசிகர் குழுவின் லூகாஸ் மொட் லாஞ்சரைப் போடுங்கள், இது கேமைத் திருத்தங்களோடு தொடக்கித் தரும் மென்பொருள். அகலத் திரைக்குச் சரியான படம், புதிய கொன்ட்ரோலர் ஆதரவு இரண்டும் அதில் கிடைக்கும். லாஞ்சர் இல்லாமல் ஓடினால் பழைய திரை அளவான 4:3 படம் இழுபட்டு ஹோமர் இன்னும் தடிப்பாகத் தெரிவார். கிராபிக்ஸ் கார்ட் தேவையில்லை, சாதாரண ஆபீஸ் லெப்டொப் போதும்.

பிளேஸ்டேஷன் 2இல் ஆட நினைப்பவர் கல்லடி, காத்தான்குடி மாதிரிக் கடற்கரைப் பக்கத்தில் இருந்தால் பழைய மெஷினை வாங்க முன் டிஸ்க் போட்டுக் கால்மணி நேரமாவது ஓடவிட்டுப் பாருங்கள். உப்புக் காற்று உள்ளே துருவேற்றும், தேய்ந்த லேசர் படத்தை இழுத்து இழுத்து ஓட வைக்கும். மெமரி கார்ட் இல்லாமல் இந்த கேமில் இறங்க வேண்டாம். சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்ட்டில் இருப்பது பழுதாகலாம், ஆகவே இரண்டாவது கார்ட்டில் ஒரு பிரதி வையுங்கள்.

வசனம் முழுக்க ஆங்கிலம், பேசியவர்கள் காட்டூனின் அசல் குரல்காரர்கள். தொடரைப் பார்க்காதவருக்குப் பகிடியில் பாதி பிடிபடாது. மற்றப் பாதி, ஹோமர் சுவரில் முட்டி “டோ” என்று கத்துவது, எந்த மொழிக்காரருக்கும் விளங்கும்.