சக்கர நாற்காலியும் துணையாளும்: நெல்லைப் பக்கம் கட்டுப்படியாகும் ஒருநாள் பயணங்கள்

மாற்றுத்திறனாளி ஒருவர் வெளியே கிளம்பினால் பெரும்பாலும் டிக்கெட் இரண்டு, சாப்பாடு இரண்டு. துணையாளின் இடுப்பு வலியையும் செலவோடு சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். ஆகவே இந்த மதிப்பீட்டில் ஒவ்வொரு இடத்தையும் பார்த்தது மூன்று கோணத்தில்: இருவருக்கும் சேர்த்து எவ்வளவு ஆகும், எத்தனை தடவை தூக்க வேண்டும், கழிப்பறைக்கு என்ன வழி. நுழைவுக் கட்டணம் எங்கும் பெரிய தொகை இல்லை. பணத்தைத் தின்பது வண்டிதான். தீவிர பாதிப்புள்ளவர்களுக்கு மாநில அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 2,000 ரூபாய். தனி வேன் பிடித்தால் ஒரே நாளில் அது போய்விடும்.

அதனால் முதலில் பஸ். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் 2021 முதல் கட்டணம் இல்லை. வெளியூர் அரசுப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்குக் கால் பங்குக் கட்டணம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் துணையாள் பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஏறிய பிறகு நடத்துநரோடு பேசித் தீர்க்கிற விஷயமல்ல அது. சிக்கல் படியில். சாதாரணப் பேருந்தின் முதல் படியே முழங்கால் உயரம் வரும். தாங்கிப் பிடித்தால் நாலு எட்டு வைக்கக்கூடியவருக்குப் பஸ் சரி. நாற்காலியை விட்டு எழவே முடியாதவரைக் கூட்டமான பஸ்ஸில் தூக்கி ஏற்றுவது இருவருக்கும் ஆபத்து. அவர்களுக்கு ஊருக்குள் ஆட்டோ, வெளியூருக்கு ரயில்.

ஆட்டோ பேசும்போதே, "அண்ணாச்சி, மடக்குற வீல்சேர் ஒண்ணு இருக்கு, ஆள் மாறி உட்கார அஞ்சு நிமிசம் ஆகும்" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போய் நின்றால் வாடகைத் தகராறு அங்கேயே ஆரம்பிக்கும். நாற்காலியை மடக்குமுன் கால்தாங்கிகளைக் கழற்றிப் பையில் போடுங்கள். வெளியே நீட்டிக்கொண்டு வளைந்து போவது அவைதான்.

கொக்கிரகுளம் அறிவியல் மையம்

முதல் தடவை வெளியே அழைத்துப் போகிறவர்களுக்கு என் சிபாரிசு இதுதான். 1987-இல் தொடங்கிய மாவட்ட அறிவியல் மையம், தாமிரபரணிக் கரையில், சுலோசன முதலியார் பாலத்துக்குப் பக்கம். நகரப் பேருந்து போகும் இடம். இங்குள்ள பொருட்கள் தொடவும் இழுக்கவும் சுழற்றவும் செய்யப்பட்டவை. "தொடாதே" என்ற பேச்சையே நாள் முழுக்கக் கேட்கும் அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் நகருக்குள் இல்லை. பார்வையற்றவரோடு போனால், கருவி என்ன செய்கிறது என்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டு அவர் கையை அதன் மேல் வையுங்கள். விளக்கம் பிறகு போதும்.

பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் வந்து நிற்கும் நேரத்தில் கூச்சல் தாங்காது. ஆட்டிசம் உள்ளவரை அழைத்துப் போவதானால் முந்தின நாளே தொலைபேசியில் கேட்டு, பள்ளிக் கூட்டம் இல்லாத நேரத்தைப் பிடியுங்கள். அப்போதே தரைத்தளத்தில் எவ்வளவு பார்க்கலாம், சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை உண்டா, துணையாளுக்கும் சீட்டு வேண்டுமா என்று கேட்டுவிடலாம். இரண்டு மணி நேரம் போதும். அதற்குமேல் இழுத்தால் இருவருமே சோர்ந்துவிடுவார்கள்.

திருச்செந்தூர் ரயில்

கோயிலுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. திருநெல்வேலி சந்திப்பிலிருந்து அறுபது கிலோமீட்டர் சொச்சம், வழியெல்லாம் வாழையும் வயலும் குளமும். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து போவதே ஒரு நாளுக்குப் போதுமான வெளியூர். துணையில்லாமல் போக முடியாத கை கால் பாதிப்புள்ளவர், அறிவுசார் குறைபாடுள்ளவர், முழுப் பார்வையிழந்தவர் ஆகியோருக்கு இரண்டாம் வகுப்பில் 75 சதவீதச் சலுகை. துணையாளுக்கும் அதே சலுகை. அதாவது இருவரும் சேர்ந்து ஒருவர் கட்டணத்தில் பாதிக்குப் போய்வரலாம். இதற்கு ரயில்வே படிவத்தில் அரசு மருத்துவர் சான்று வாங்கி, அதை வைத்து ரயில்வே கோட்டத்தில் புகைப்பட அட்டை பெற வேண்டும். திருநெல்வேலி மதுரைக் கோட்டத்தில் வருகிறது. யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) ஒன்றையே நம்பிக் கவுன்டருக்குப் போய் ஏமாற வேண்டாம். அலையாமல் கிடைக்காது, ஆனால் ஒருமுறை வாங்கிவிட்டால் அது செல்லும் காலம்வரை மற்ற ரயில் பயணங்களுக்கும் உதவும்.

ஏற்றுவதுதான் கஷ்டம். நடைமேடை உயரமானதாக இருந்தாலும் பெட்டியின் தரை அதைவிட ஏறக்குறைய ஒரு முழம் மேலே இருக்கும். சாய்தளத்துக்கு வகுத்த அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. 45 சென்டிமீட்டர் ஏற 5.4 மீட்டர் நீளப் பலகை வேண்டும். அதை யாரும் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. ஆகவே இரண்டு பேர் தூக்கத்தான் வேண்டும். பலசாலி பின்னால் நின்று கைப்பிடியைப் பிடிக்க, மற்றவர் முன்னால் நாற்காலியின் சட்டத்தைப் பிடிக்க வேண்டும். கால்தாங்கியையோ கைதாங்கியையோ பிடித்தால் கழன்று கையோடு வந்துவிடும். ஏறினாலும் இறங்கினாலும் உட்கார்ந்திருப்பவரின் முதுகு மேட்டுப் பக்கம், முகம் பள்ளத்துப் பக்கம். நாற்காலி பின்னோக்கிச் சாய்ந்தே இருக்க வேண்டும். இடுப்புப் பட்டை போடாமல் தூக்கவே கூடாது.

இந்தத் தடத்தை நான் மேலே வைப்பதற்கு முக்கியக் காரணம், திருச்செந்தூர் கடைசி நிலையம் என்பது. வழியிலுள்ள ஊர்களில் வண்டி ஓரிரு நிமிடமே நிற்கும். இங்கே எல்லோரும் இறங்கிப் போன பிறகு நிதானமாக இறக்கலாம். சஷ்டி, விசாகம், பௌர்ணமி, விடுமுறை நாட்களைத் தவிருங்கள். கடற்கரை மணலில் முன்சக்கரம் புதைந்துவிடும். நாற்காலியைத் திருப்பி, பெரிய சக்கரம் முன்னே போகும்படி பின்பக்கமாக இழுத்தால் கொஞ்ச தூரம் போகலாம். அலைவரைக்கும் போக நினைக்காதீர்கள்.

நெல்லையப்பர் கோயில்

மாலையில் மட்டும் போங்கள். சுவாமி கோயிலையும் அம்மன் கோயிலையும் இணைக்கும் சங்கிலி மண்டபம், 1647-இல் வடமலையப்பப் பிள்ளையன் கட்டியது, நீளமான நடை. சக்கர நாற்காலியில் சுற்றிவரப் பிரகாரங்கள் அருமையானவை. வாசல்களில் உள்ள கல் நிலைப்படிகள்தான் தடை. ஒவ்வொன்றிலும் முன்சக்கரத்தைத் தூக்கி வைத்துத் தாண்ட வேண்டும். வெளி நாற்காலியை உள்ளே விடுவார்களா என்று வாசலில் கேளுங்கள். கோயில் நாற்காலிக்கு மாற நேர்ந்தால் உங்கள் மெத்தையையும் இடுப்புப் பட்டையையும் அதற்கு மாற்றிக் கட்டுங்கள்.

பகலில் கல்தரை கொதிக்கும். தண்டுவடப் பாதிப்பு, சர்க்கரை நோய், தொழுநோய் இவற்றால் காலில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சுட்டது தெரியாது; வீட்டுக்கு வந்த பிறகுதான் கொப்புளம் தெரியும். தடித்த காலுறை கட்டாயம்.

குற்றாலம்

எல்லோரும் கேட்பது இதைத்தான். இப்போது தென்காசி மாவட்டம் என்றாலும் நம் பக்கத்துச் சீசன் என்றால் குற்றாலம்தானே. தென்காசி வரை ரயில், அங்கிருந்து ஆட்டோ. பார்க்கப் போவதானால் பேரருவி நல்ல இடம். சாலைக்குப் பக்கத்திலேயே நின்று சாரலில் நனையலாம், சூன், சூலையில் அதுவே பாதிக் குளியல். குளிக்கப் போவதானால் யோசியுங்கள். பாசி பிடித்த பாறையில் பிளாஸ்டிக் நாற்காலியின் கால் வழுக்கும். அருவிக்கடியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம். வளர்ந்த மகனை அம்மா அழைத்து வந்திருந்தால், கூட ஓர் ஆண் இல்லாமல் முடியாது. மகளை அப்பா அழைத்து வந்தாலும் இதே கதை. துணையாளைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை நினைக்க வேண்டும். அங்கே போய் முன்பின் தெரியாதவர் கையில் ஒப்படைப்பது அந்தப் பிள்ளையின் மானத்துக்கும் பாதுகாப்புக்கும் நல்லதல்ல.

2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளத்தில் 17 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். ஓடத் தெரிந்தவர்களுக்கே சில நொடிதான் கிடைக்கும். நாற்காலியில் இருப்பவரைப் படிகள் இறங்கிப் பழைய குற்றாலத்துக்குக் கொண்டுபோவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வலிப்பு உள்ளவர்களும் அருவிக்கு நேரே கீழே நிற்க வேண்டாம். ஆசைக்குப் புலியருவி, அதுவும் வார நாளில், விடிகாலையில். அதுவும் முடியாவிட்டால் ஓரமாக வாளியில் பிடித்து மொண்டு ஊற்றலாம், அதே தண்ணீர்தான்.

கூந்தன்குளம்

மூலைக்கரைப்பட்டிப் பக்கம், நெல்லையிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஊருக்குள் மரத்திலேயே கூடு கட்டுவதால் கண்காணிப்புக் கோபுரம் ஏறத் தேவையில்லை, வண்டியில் இருந்தபடியே பார்க்கலாம். வண்டியில் ஏறிவிட்டால் அப்புறம் தூக்கல் ஒன்றுகூட இல்லாமல் முடிகிற பயணம் இந்தப் பட்டியலில் இது மட்டும்தான். மூன்று குடும்பம் சேர்ந்து வேன் எடுத்தால் கட்டுப்படியாகும். கூட ஆள் இருப்பதால் துணையாட்கள் முறைபோட்டு அரைமணி ஓய்வும் எடுக்கலாம். எச்ச வாடை அடிக்கும். வாடை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மணிமுத்தாறு அருவி, அகத்தியர் அருவி இரண்டிலும் வனத்துறைச் சோதனைச்சாவடி, அப்புறம் படிகள். நடக்கக்கூடியவர்களுக்கு மட்டும்.

எங்கே போனாலும் கழிப்பறைக் கதவு சக்கர நாற்காலியை விடக் குறுகலாக இருக்கும் என்றே வைத்துக்கொண்டு கிளம்புங்கள். நாற்காலியின் அகலம் 60 முதல் 65 சென்டிமீட்டர். கதவை அளக்க ஒரு டேப் பையில் கிடக்கட்டும். சிறுநீர்க் குப்பி, பெரியவர்களுக்கான டயப்பர் இரண்டு, ஒரு ரெக்சின் விரிப்பு, மறைப்புக்கு ஒரு வேட்டி. மூத்திரப் பை போட்டிருப்பவருக்குக் கிளம்புமுன் காலி செய்து, குழாய் மடங்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். மேல்முதுகிலோ கழுத்திலோ தண்டுவடம் அடிபட்டவருக்கு அந்தக் குழாய் அடைத்தால் தலைவலியோடு ரத்த அழுத்தம் திடீரென ஏறும். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, அடைப்பை எடுத்துவிட்டு, தலைவலி நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அடிபட்ட இடத்துக்குக் கீழே அவர்களுக்கு வியர்க்காது. நம் ஊர் வெயிலில் ஈரத்துண்டும் நிழலும் மருந்து மாதிரி. தண்ணீர் குடிப்பதைக் குறைத்து மூத்திரத்தைச் சமாளிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. தொற்று வருவதற்கு அதுவும் ஒரு காரணம். உட்கார்ந்தே இருப்பவரை அரைமணிக்கொரு தரம் ஒருபக்கம் சாய்த்து, இரண்டு நிமிடம் அழுத்தம் குறையுங்கள்.

சம்பளத்துக்கு வரும் துணையாளாக இருந்தால் பேட்டாவும் சாப்பாடும் கிளம்புமுன்பே பேசிவிட வேண்டும். திரும்பி வரும்போது பேசினால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

சாப்பாட்டுக்கு, விழுங்கச் சிரமப்படுபவருக்கு இடியாப்பத்தில் சொதியை (காய் போட்ட தேங்காய்ப்பால் குழம்பு) ஊற்றி ஊறவிட்டு, காய்களை நன்றாக மசித்துக் கொடுங்கள். திட்டுத்திட்டாகக் காய் தனி, பால் தனி என்று கிடந்தால் புரையேறும். அல்வா வழுக்கிக்கொண்டு போவது போலத் தெரிந்தாலும் தொண்டையில் ஒட்டும். சுண்டைக்காய் அளவு கொடுத்து, விழுங்கிவிட்டாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு அடுத்த வாய். சாப்பிட்டு அரைமணி நேரம் நிமிர்ந்தே உட்கார்ந்திருக்கட்டும், அதன் பிறகு வண்டி ஏறலாம்.