மழைச் சாலையில் மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 5: இரண்டு மழைக்காலங்களுக்குப் பின் ஒரு மதிப்பீடு

என் காரில் இதற்கு முன் இருந்த டயர்களை, ஈரச்சாலைப் பிடிப்பில் மிக உயர்ந்த ‘ஏ’ தரம் பெற்றவை என்ற ஒரே காரணத்துக்காக வாங்கினேன். தூறலில் நனைந்த சாலையில் அவை பிரேக்குக்கு உடனே கட்டுப்பட்டன. ஆனால் பாதிக்கு மேல் தேய்ந்திருந்த ஒரு நாள், நெடுஞ்சாலையில் கனமழையின்போது, சக்கரத் தடங்களில் தேங்கியிருந்த நீரில் ஏறியதும் ஸ்டீயரிங் கனமற்றுப் போனது. ஒரு நொடிகூட நீடிக்காத அந்த நேரத்தில் கார் என் கட்டுப்பாட்டில் இல்லை. அடுத்து டயர் மாற்றும்போது அந்த எழுத்து எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை முதலில் படித்துப் புரிந்துகொண்டேன். மிஷெலின் நிறுவனத்தின் பைலட் ஸ்போர்ட் 5 டயர்களை அதன் பிறகே தேர்ந்தெடுத்தேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் நடைமுறையில் உள்ள டயர் முத்திரை, 2021 மே மாதத்திலிருந்து ‘ஏ’ முதல் ‘இ’ வரை ஐந்து தரங்களைக் கொண்டது. ஈரப்பிடிப்புக்கான எழுத்து, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவே நீர் படர்ந்த தளத்தில் புதிய டயர் எவ்வளவு நன்றாக பிரேக் பிடிக்கிறது என்பதை மட்டுமே காட்டுகிறது. ஈரமான வளைவில் பக்கவாட்டுப் பிடிப்பு எப்படி இருக்கும், ஆழமான நீரில் எந்த வேகத்தில் டயர் மிதக்கத் தொடங்கும் என்ற இரண்டுக்கும் அதில் விடை இல்லை. ஒரே எழுத்தைப் பெற்ற இரு டயர்கள் கனமழையில் முற்றிலும் வேறாக நடந்துகொள்வதில், ஆகவே, வியப்பதற்கு எதுவும் இல்லை.

மெல்லிய ஈரத்தில் பிடிப்பைத் தருவது ரப்பர் கலவை. சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் ரப்பர் நொடிக்குப் பல ஆயிரம் முறை அழுந்தி மீளும்போது இழக்கும் ஆற்றலே பிடிப்பாக மாறுகிறது. சக்கரம் உருளும் மெதுவான அசைவில் ஏற்படும் இழப்போ எரிபொருளை வீணாக்குகிறது. ரப்பருக்கு உறுதி தரக் கலக்கும் கரித்தூளான கார்பன் கருமையை மட்டும் நம்பியிருந்த காலத்தில் ஒன்றைக் கூட்டினால் மற்றதும் கூடியது. 1990களின் தொடக்கத்தில் மிஷெலின், மணலின் முக்கியப் பொருளான சிலிக்காவைத் தூளாகக் கார் டயர்களில் பெருமளவில் கொண்டுவந்த பிறகே இரண்டையும் ஓரளவு பிரித்துக் கையாள முடிந்தது. இன்றைய செயல்திறன் டயர்கள் அனைத்தும் அந்த வழியில் வந்தவையே. ஆயினும் இவை கோடைக்கால டயர்கள் என்பதை மறக்கக்கூடாது. வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கலவை இறுகி, பிடிப்பு குறைந்துவிடும்.

தேங்கிய நீரில் கலவை என்னதான் சிறந்ததாக இருந்தாலும் பயனில்லை, ஏனெனில் ரப்பர் முதலில் சாலையைத் தொட வேண்டும். 225 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர் 3 மில்லிமீட்டர் ஆழ நீரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், ஒவ்வொரு நொடியும் 15 லிட்டர் நீரை வழியிலிருந்து அகற்றியாக வேண்டும் என்பது எளிய பெருக்கல் கணக்கு. ஒரு பகுதியை டயர் முன்னும் பக்கத்திலும் தள்ளுகிறது. மீதி, சாலையைத் தொடும் மேற்பரப்பான ட்ரெட்டில் உள்ள பள்ளங்களின் வழியே வெளியேற வேண்டும். அழகுக்காக இரண்டு அளவு அகலமான டயரைப் பொருத்துபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும் என்று மனதார வேண்டுகிறேன்.

பைலட் ஸ்போர்ட் 5 என்னைக் கவர்ந்தது இந்த இடத்தில்தான். அதன் ட்ரெட்டின் உட்பாதியில் அகன்ற நெடும்பள்ளங்கள் நீரை வாங்கிக்கொள்ள, வெளிப்பாதியில் உள்ள பெரிய, இறுக்கமான கட்டிகள் உலர்ந்த வளைவில் பாரத்தைத் தாங்குகின்றன. ஈரச்சாலையில் பிரேக் மிதித்தால், சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் தாமதமாகவே தலையிடுகிறது; அந்த அளவுக்குப் பிடிப்பு நீடிக்கிறது. அதைவிட முக்கியமாக, தேங்கிய நீரில் ஏறும்போது ஸ்டீயரிங்கின் கனம் படிப்படியாகக் குறைகிறது; அந்த இடைவெளி எனக்கு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கப் போதுமானதாக இருக்கிறது. என் பழைய டயர்களில் இந்த எச்சரிக்கை கிடைத்ததே இல்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பிய கணத்திலேயே கூர்மையான பதிலை எதிர்பார்ப்பவர்களுக்கு இது சற்று மென்மையாகப் படலாம். அவர்களுக்குக் கான்டினென்டல் ஸ்போர்ட்கான்டாக்ட் 7 பொருத்தமாக இருக்கலாம். பந்தயத் தளத்தை மனதில் வைத்து உருவான பைலட் ஸ்போர்ட் கப் 2 போன்ற, பள்ளங்கள் குறைந்த டயர்களை மழையில் அன்றாடம் ஓட்டும் காருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தேய்மானத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்பீடு நிறைவுறாது. புதிதில் 7 மில்லிமீட்டருக்கு மேல் இருந்த பள்ளங்களின் ஆழம், இப்போது பின்சக்கரங்களில் 5, முன்சக்கரங்களில் 4 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். மெல்லிய ஈரத்தில் எந்த மாற்றத்தையும் நான் உணரவில்லை; தேங்கிய நீரிலோ வேகத்தை முன்பைவிடக் குறைத்தே செல்கிறேன். பல நாடுகளில் சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கிறது என்றாலும், மழையில் ஓட்டுபவருக்கு 3 மில்லிமீட்டரே எல்லையாக இருக்க வேண்டும்.

காற்றழுத்தமும் இதே அளவு முக்கியமானது. நாசா 1960களில் விமான டயர்களை ஆராய்ந்து கண்ட சூத்திரப்படி, டயர் நீரில் மிதக்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறுகிறது: 36 பிஎஸ்ஐ அழுத்தத்தில் மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால், 25 பிஎஸ்ஐயில் அது ஏறத்தாழ 83 ஆகக் குறைகிறது. கார் டயர்களுக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தாவிட்டாலும் போக்கு அதுவே என்பதால், மாதம் இருமுறை, டயர் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் அழுத்தத்தைச் சரிபார்க்கிறேன்.

வாங்குபவர்கள் கடையிலேயே சரிபார்க்க வேண்டியவை இரண்டு. பக்கச்சுவரில் ‘டாட்’ குறியீட்டின் இறுதியில் உள்ள நான்கு இலக்கங்கள் தயாரிக்கப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் குறிக்கின்றன. 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். இரண்டாவதாக, இந்த டயரின் இரு பாதிகளும் வெவ்வேறு வேலை செய்வதால், வெளிப்புறம் என்று குறிக்கப்பட்ட பக்கம் நான்கு சக்கரங்களிலும் வெளியே தெரிகிறதா என்று குனிந்து பார்த்துவிட வேண்டும். இரண்டு டயர்களை மட்டும் மாற்றுவதாக இருந்தால், முன்சக்கர இயக்கக் காராக இருந்தாலும் புதியவற்றைப் பின்னால் பொருத்தச் சொல்லுங்கள். முன்சக்கரம் நழுவினால் வேகத்தைக் குறைத்துக் காரை மீட்டுவிடலாம், ஈர வளைவில் பின்சக்கரம் நழுவினால் பெரும்பாலோருக்கு அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை.