கிட்னி மாற்றுப் பிரிவு: கொடுத்தவளின் மூன்று நட்சத்திரம்

கோவையில் ஒரு தனியார் மருத்துவமனை. என் இடது கிட்னியை எடுத்து அண்ணனுக்கு வைத்தார்கள். வாங்கிக்கொண்டவர்களின் விமர்சனம் நிறைய இருக்கிறது, இது கொடுத்தவளுடையது.

ஆபரேஷனில் குறையில்லை. துளை போட்டுத்தான் எடுத்தார்கள், நான்காம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். நைட் டூட்டி நர்ஸ்கள் தங்கமானவர்கள். கேன்டீன் சாம்பாரைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

அதற்கு முந்தைய விசாரணைதான் இழுத்தது. ஆதார், ரேஷன் கார்டு, பிறப்புச் சான்றிதழ், சின்ன வயதில் எடுத்த குடும்ப போட்டோ வரை கேட்டார்கள். அப்புறம் அண்ணனை வெளியே உட்கார வைத்துவிட்டு, "பணம் ஏதாவது பேசியிருக்கிறார்களா அம்மா?" என்று மூன்று விதமாகக் கேட்டார்கள். கூடப்பிறந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று அன்று எனக்குக் கோபம். இப்போது இல்லை. பள்ளிபாளையம் விசைத்தறிக்காரர்களின் கிட்னிக்குப் புரோக்கர்கள் விலை பேசிய சங்கதி 2025-இல் வெளிவந்ததே, எங்கள் திருப்பூரிலிருந்து அது ஒன்றும் தூரமில்லை. சென்னையில் கிட்னி விற்ற 305 பேரை விசாரித்து 2002-இல் வந்த ஆய்வை மகள் வாசித்துக் காட்டினாள். ஏறக்குறைய எல்லோரும் கடனை அடைக்கத்தான் விற்றிருக்கிறார்கள். அதில் முக்கால்வாசிப் பேருக்கு விற்ற பிறகும் கடன் தீரவில்லை. அப்படியானால் மூன்று முறை என்ன, முப்பது முறை கேட்கட்டும்.

இரண்டு நட்சத்திரத்தைக் குறைத்தது வேறொன்றுக்காக. நான் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், பீஸ் ரேட். பத்து வாரம் மெஷினில் உட்காரவில்லை. அத்தனை வாரமும் சம்பளமும் இல்லை. டாக்டருக்கு, மயக்க டாக்டருக்கு, லேபுக்கு, ரூமுக்கு என்று பில்லில் எல்லோருக்கும் தனித்தனியாகத் தொகை போட்டிருந்தது. டிஸ்சார்ஜ் அன்று அண்ணன் ஒரு கவரை நீட்டினார். "ஐயோ, வேண்டாண்ணா, கேஸாகிவிடும்" என்று பயந்து தள்ளிவிட்டேன். பணம் வாங்கினால் ஜெயில் என்று அத்தனை தடவை சொன்ன மருத்துவமனை கோஆர்டினேட்டர், பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். 1994 சட்டத்திலேயே இருக்கிறது: உறுப்புக்கு விலை கூடாது, ஆனால் கொடுப்பதால் நேரடியாக வரும் செலவும் இழந்த கூலியும் விலையில் சேராது.

அங்கே கொடுக்கப் போகிறவர்கள், கையெழுத்துப் போடும் முன் கூலி விஷயத்தை கோஆர்டினேட்டரிடம் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அண்ணனிடம் போன வாரம்தான் சொன்னேன். கவர் பீரோவில் அப்படியே இருக்கிறதாம்.