'ஒரே விறகு ஸ்டவ், வீடு முழுக்க சூடு'ன்னு சொல்லி விக்கறவங்க கிட்ட உஷாரா இருங்க

குளிர் ஊர்ல வீடு வெச்சிருக்கவங்க, விறகு ஸ்டவ் போடலாம்னு யோசிச்சிட்டு இருக்கவங்க, தயவு செஞ்சு இத முழுசா படிச்சிட்டு அப்புறம் அட்வான்ஸ் குடுங்க. கம்பெனி பேர் போடல, புகார் போயிட்டு இருக்கு. பேர் தெரியலன்னா பரவால்ல, அவங்க பேசற பேச்ச தெரிஞ்சு வெச்சுக்கோங்க, ஏன்னா அதே பேச்ச வேற பேர்ல வேற ஆள் வந்து உங்க வீட்லயும் பேசுவான்.

எங்க கிட்ட சொன்னது இதான். "14 கிலோவாட் ஸ்டவ் சார், ஹால்ல ஒண்ணு வெச்சா போதும், சூடு தானா எல்லா ரூமுக்கும் போயிடும், வேற ஹீட்டரே தேவைப்படாது, ராத்திரி விறக நிறைய அடுக்கி காத்து வர்ற வழிய மூடிட்டு படுத்தீங்கன்னா காலைல வரைக்கும் எரியும்." இதுல ஒரு வார்த்தை கூட எங்க வீட்ல நடக்கல. ஹால்ல உக்கார முடியாத அளவுக்கு அனல், ஜன்னல தொறந்து வெச்சாதான் மூச்சு விட முடியும், அதே நேரம் கடைசி ரூம்ல எங்க அம்மா ரெண்டு போர்வைக்குள்ள சுருண்டு கிடக்காங்க. வயசானவங்கள குளிர்ல விடக்கூடாதுன்னு தான் இந்த செலவே பண்ணினோம், அது நினைச்சா இப்பவும் வயிறு எரியுது.

ஏன் இப்படி ஆச்சுன்னு சொல்றேன். இந்த ஸ்டவ் அது இருக்கற ரூமத்தான் சூடாக்கும், பக்கத்து ரூமுக்கு கதவு வழியா கொஞ்சம் போகும், வளைஞ்சு வளைஞ்சு வராண்டா தாண்டி கடைசி ரூமுக்கு அதுவா போகாது. ஓரளவு இன்ஸுலேஷன் (சூடு வெளில போகாம தடுக்கற அடுக்கு) இருக்கற வீட்டுக்கு பொதுவா போடற கணக்கு என்னன்னா, ரூமோட நீளம் அகலம் உயரம் மூணையும் மீட்டர்ல பெருக்கி 14 ஆல வகுத்தா எத்தன கிலோவாட் வேணும்னு தோராயமா வரும். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம்னு வெச்சுக்கோங்க, 48 கன மீட்டர், நாலு கிலோவாட்டுக்கும் கம்மியா வருது. எங்க ஹால் கிட்டத்தட்ட அந்த சைஸ் தான், அதுல 14 கிலோவாட் சாமான கொண்டு வந்து வெச்சிட்டு போயிருக்காங்க! அளக்க வந்த ஆள் சுவத்துல ஓட்டை போடற இடத்த மட்டும் அளந்தான். மத்த ரூமுக்குள்ள எட்டிக்கூட பாக்கல, கூரைல இன்ஸுலேஷன் இருக்கா, ஜன்னல் இடுக்குல காத்து வருதான்னு ஒரு கேள்வி கேக்கல. அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு, ரூம் பாக்க வேணாமான்னு கேட்டேன், "இந்த மாடலுக்கு அதெல்லாம் வேணாம் சார்"னான்.

பெரிய ஸ்டவ் தானே, கம்மியா எரிச்சுக்கலாமேன்னு தோணும். அங்கதான் ஆபத்தே இருக்கு. விறகோட சக்தியில பாதிக்கு மேல அதுல இருந்து கிளம்பற வாயுவுல தான் இருக்கு, அது ஒழுங்கா எரியணும்னா உள்ள சுமார் 600 டிகிரி செல்சியஸ் சூடும் போதுமான காத்தும் வேணும். அனல் தாங்கலன்னு காத்த மூடினா அந்த வாயு எரியாம புகையா பைப்ல ஏறும், பைப் ஆறிப்போய் இருந்தா அதோட சுவத்துல படிஞ்சு தாரா ஒட்டிக்கும். கிரியோசோட்டுன்னு சொல்வாங்க. அது நல்லா பத்திக்கற பொருள், சிம்னிக்குள்ள பத்திக்கிச்சுன்னா 1000 டிகிரி தாண்டும். அதாவது ராத்திரி மூடிட்டு படுங்கன்னு அவங்க சொன்னது வீட்டுக்குள்ள தீய வளக்கச் சொன்ன மாதிரி. ஸ்டவ் கண்ணாடி கறுப்பாயிட்டே இருந்துச்சு, போன் பண்ணி கேட்டா "விறகு ஸ்டவ்னா அப்படித்தான், நார்மல்"னு வெச்சிட்டாங்க. நார்மல் கிடையாதுங்க. நல்லா எரியற ஸ்டவ்ல கண்ணாடி பெரும்பாலும் சுத்தமாவே இருக்கும்.

அதுக்கப்புறம் விறகு. அதுவும் அவங்க கிட்டயே வாங்கணும்னு பேக்கேஜ்ல சேத்துட்டாங்க, "காஞ்ச விறகு"ன்னு பில்லுலயே எழுதியிருக்கு. போட்டா உஸ்ஸுன்னு சத்தம், கட்டை முனைல நுரை. பக்கத்து வீட்டுக்காரர் தன்னோட ஈரம் பாக்கற மீட்டர குடுத்தார், கட்டைய வெளில பாத்தா 18 சதவீதம், அதையே பொளந்து உள்பக்கம் குத்திப் பாத்தா 35க்கு மேல. இத நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க, எப்பவும் பொளந்த உடனே புது முகத்துல தான் அளக்கணும், வெளிப்பக்கம் ரெண்டு வெயில் பட்டாலே காஞ்சா மாதிரி காட்டும். 20 சதவீதத்துக்கு கீழ வந்தாதான் எரிக்கலாம், பச்சை மரம் வெட்டிப் பொளந்து அடுக்கி அந்த நிலைக்கு வர்றதுக்கு குறஞ்சது ஆறு மாசம், ஓக் மாதிரி கெட்டி மரம்னா ரெண்டு வருஷம் கூட ஆகும். 10 கிலோ விறகுல 40 சதவீதம் ஈரம்னா 4 லிட்டர் தண்ணி, அத ஆவியாக்கவே சூடு போயிடும், அந்த நீராவி தான் பைப்பையும் குளிர வெக்குது. அளவுலயும் ஏமாத்தறாங்க. அடுக்கின ஒரு கன மீட்டர் விறக அப்படியே கொட்டினா ஒன்றரை கன மீட்டர் இடம் அடைக்கும், கொட்டி அளந்து குடுத்துட்டு அடுக்கின அளவுக்கு காசு வாங்கறாங்க.

பைப் வேலை தான் எல்லாத்தையும் விட மோசம். சுவத்துல தார் மாதிரி கறுப்பா வழிய ஆரம்பிச்சதும் வேற ஒரு சிம்னி கிளீன் பண்றவர கூப்பிட்டு காட்டினோம், அவர் பாத்துட்டு தலைல கை வெச்சிட்டார். வீட்டுக்கு வெளில ஏறற பைப்ப ரெண்டு அடுக்கு இன்ஸுலேஷன் பைப்பா போடாம ஒத்தை தகடு போட்டிருக்காங்க, குளிர் காத்துல அது சட்டுனு ஆறிடுது. நடுவுல ரெண்டு எடத்துல 90 டிகிரி வளைவு, புகை எப்படி ஏறும்? ஜாயின்ட்ட தலைகீழா மாட்டியிருக்காங்க, அடுத்த பைப்புக்குள்ள நுழையற சுருக்கின முனை ஸ்டவ் பக்கம் கீழ பாத்து இருந்தா வழியற தார் பைப்புக்குள்ளயே இறங்கும், மேல பாத்து மாட்டினா வெளில கசியும், அதான் சுவரு நாசமானது. உள்ள பளபளன்னு கண்ணாடி மாதிரி இறுகின தார், பிரஷ் போட்டா கூட வராத நிலை.

இதுக்கு நடுவுல ஒரு நாள் சாயங்காலம் கிச்சன்ல எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிட்டு இருந்தப்போ கார்பன் மோனாக்ஸைடு (சரியா எரியாத தீயில இருந்து வர்ற விஷ வாயு) அலாரம் அலற ஆரம்பிச்சிருச்சு. ஃபேன் உள்காத்த வெளில தள்ளும்போது, வெளிக்காத்து வர வேற வழி இல்லன்னா சிம்னி வழியா புகைய உள்ள இழுக்கும். அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. அலாரம் கம்பெனிக்காரன் வெச்சது இல்ல, மறுபடியும் அந்த பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி நாங்க மாட்டினது. அவர் சொல்லலன்னா என்ன ஆயிருக்கும்னு யோசிக்கவே பயமா இருக்கு. அலாரம் இல்லாம ஸ்டவ் மாட்டிக் குடுத்துட்டு போறவன என்ன சொல்றது!

நிஜமாவே ஒரே தீயில வீடு முழுக்க சூடு வேணும்னா அதுக்கு வேற வழி இருக்கு, கல்லு செங்கல் வெச்சு கட்டற பெரிய கணப்பு, ஒரு தடவை வேகமா எரிச்சா சூட்ட உள்ள வாங்கி பல மணி நேரம் மெதுவா விடும், அதுவும் வீட்டுக்கு நடுவுல இருக்கணும். இல்லன்னா பின்னாடி பாய்லர் வெச்ச ஸ்டவ், தண்ணிய சுட வெச்சு பைப்ல ஒவ்வொரு ரூம்லயும் இருக்கற ரேடியேட்டருக்கு (சுடுதண்ணி ஓடி ரூம சூடாக்கற பலகை) அனுப்பறது, அதுக்கு பம்பு, பிரஷர் வால்வு எல்லாம் சரியா தெரிஞ்சவங்க தான் கை வெக்கணும். சாதா ஸ்டவ்னா ரூமுக்கு ஏத்த சைஸ்ல வாங்குங்க. ஒரு சின்ன ஃபேன குளிர் ரூம் வாசல்ல தரையில வெச்சு ஸ்டவ் பக்கம் பாத்து ஓட விட்டா குளிர் காத்து கீழ போயி சூடு மேல திரும்பி வரும், சூட்ட நேரா தள்றத விட இது நல்லா வேலை செய்யுது.

ஏற்கனவே மாட்டிட்டீங்க, கண்ணாடி கறுக்குது, வெளில ஒத்தை தகடு பைப் தெரியுதுன்னா ஒருத்தர் உள்ள பாத்து சொல்ற வரைக்கும் பத்த வெக்காதீங்க. சிம்னில இருந்து ஓன்னு பெரிய இரைச்சல் கேட்டா உள்ள தீ புடிச்சிருக்குன்னு அர்த்தம். ஸ்டவ் கதவையும் காத்து வழியையும் மூடிட்டு எல்லாரும் வெளில வந்து ஃபயர் சர்வீஸுக்கு போன் பண்ணுங்க, தண்ணி ஊத்தாதீங்க, சூடான பைப் வெடிச்சுடும். தீ அதுவா அணைஞ்சாலும் பைப்ல விரிசல் விட்டிருக்கலாம், செக் பண்ணாம மறுபடி எரிக்கவே கூடாது.