எஃப்எஃப்எம்பெக் ஃபில்டர்கள்: பல வருடம் பழகிய பிறகு

பழைய விஎச்எஸ் கேசட், மினி டிவி (MiniDV, கேம்கார்டரின் டிஜிட்டல் வீடியோ) டேப் இவற்றையெல்லாம் கணினிக்கு ஏற்றி, சுத்தம் பண்ணி, ஃபோனில் பார்க்கிற மாதிரி மாற்றுவதற்கு நான் பல வருடமாக எஃப்எஃப்எம்பெக்கைத்தான் நம்பியிருக்கிறேன். வீடியோவையும் ஒலியையும் கட்டளை எழுதி மாற்றும் மென்பொருள் அது (FFmpeg), ஃபாப்ரிஸ் பெல்லார் 2000-இல் தொடங்கிய திட்டம். இங்கே அதன் ஃபில்டர்களை, அதாவது படத்தையும் ஒலியையும் திருத்தும் பகுதிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், என் வேலையில் முக்கால்வாசி அங்கேதான் நடக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது என்னவென்றால், ஒரு ஃபில்டரில் குறை தெரிந்தால் பெரும்பாலும் பழைய நடத்தையை அப்படியே விட்டுவிட்டு, புது ஆப்ஷனோ பக்கத்தில் ஒரு புது ஃபில்டரோ சேர்க்கிறார்கள்.

ஒலிகளைக் கலக்கும் ஏமிக்ஸ் (amix) ஃபில்டர் இதற்கு நல்ல உதாரணம். இரண்டு ஒலிகளைக் கலந்தால் அது இரண்டையும் பாதியாகக் குறைக்கும், அதாவது 6 டெசிபல் போச்சு. பேச்சு முடிந்ததும் பின்னணி இசை மட்டும் இரண்டு நொடிக்குள் தானாகச் சத்தமாக ஏறும். இது எத்தனை பேரைக் குழப்பியிருக்கும்! 2021-இல் வந்த 4.4 பதிப்பில் நார்மலைஸ் (normalize) என்ற ஆப்ஷன் வந்தது, அதை 0 என்று கொடுத்தால் வெறுமனே கூட்டல்தான் நடக்கும். ஆனால் டிஃபால்ட் மாறவில்லை, பழைய ஸ்கிரிப்டுகள் எதுவும் உடையவில்லை. கூட்டும்போது ஒலி உச்சத்தைத் தாண்டி உடையாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு, அது நியாயம்தான்.

வீடியோவில் இதே கதைதான் யாடிஃபும் (yadif) அதன் பக்கத்தில் வந்த பிடபிள்யூடிஃபும் (bwdif); பழைய வீடியோவில் விழும் கோடுகளை நீக்கும் ஃபில்டர்கள் இவை. நம் ஊர் கேசட்டெல்லாம் பால் (PAL) என்ற டிவி முறை, நொடிக்கு 25 ஃப்ரேம், ஒவ்வொன்றிலும் இரண்டு ஃபீல்டு (ஒன்றுவிட்ட வரிகள் கொண்ட பாதிப் படம்), அப்படியே கணினியில் ஓட்டினால் கை அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரிக் கோடு விழும். பிடபிள்யூடிஃப், யாடிஃபின் அசைவு கண்டறியும் முறையோடு பிபிசி ஆய்வுப் பிரிவின் மார்ட்டின் வெஸ்டன் வடிவமைத்த முறையையும் சேர்த்துக்கொண்டது. சாய்ந்த ஓரங்கள், புடவைச் சரிகை, இதிலெல்லாம் வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது. ஆனால் ஒன்று கவனியுங்கள்: யாடிஃப் டிஃபால்ட்டாக நொடிக்கு 25 ஃப்ரேம் தரும், பிடபிள்யூடிஃப் ஒவ்வொரு ஃபீல்டையும் தனி ஃப்ரேமாக்கி 50 தரும். எனக்கு 50-தான் சரி, அசைவு டேப்பில் இருந்த மாதிரியே வழுக்கிக்கொண்டு போகிறது.

அப்புறம் ஃபீல்டு வரிசை. மினி டிவி டேப்பில் கீழ் ஃபீல்டு முதலில் வரும், ஆனால் கோப்பில் அந்தத் தகவல் தொலைந்துபோயிருந்தால் இந்த ஃபில்டர்கள் மேல் ஃபீல்டு முதல் என்று எடுத்துக்கொள்ளும், ஆட்கள் முன்னும் பின்னும் துள்ளுவார்கள். முன்னால், வரிசையைச் சொல்லும் செட்ஃபீல்டு (setfield) ஃபில்டர் ஒன்றைப் போட்டால் தீர்ந்தது.

லவுட்நார்ம் (loudnorm) பற்றி எனக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு. ஒலி அளவைச் சமன் செய்ய இதைவிட வசதியானது எனக்குக் கிடைக்கவில்லை, ஆனால் போகப்போக அளவை மாற்றிக்கொண்டே இருக்கும் டைனமிக் முறையில் உச்சங்களைத் துல்லியமாகப் பிடிக்க ஒலியை 192 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றிவிட்டு அப்படியே வெளியே தள்ளுகிறது. கடைசியில் 48-க்கு இறக்குவதை நாம்தான் எழுத வேண்டும். இரண்டு பாஸ் ஓட்டி (முதலில் அளந்து, பிறகு மாற்றி) அளவுகளைக் கொடுத்தாலும், பதிவின் எல்ஆர்ஏ (LRA, மெதுவான இடத்துக்கும் சத்தமான இடத்துக்கும் உள்ள இடைவெளி) நாம் கேட்டதைவிடப் பெரிதாக இருந்தால், முழுவதையும் ஒரே அளவில் ஏற்றி இறக்கும் லீனியரை விட்டு டைனமிக்குக்குப் போய்விடும், டிஃபால்ட்டோ வெறும் 7. என் கச்சேரிப் பதிவுகள் பெரும்பாலும் இதற்குள் அடங்காது, அதனால் எல்ஆர்ஏவை அளந்து வந்ததைவிடக் கூட்டியே வைக்கிறேன். முடிவில் அது அச்சிடும் நார்மலைசேஷன் டைப் (எந்த முறையில் ஓடியது) என்ற வரியைப் பார்த்துவிடுங்கள்.

இரைச்சல் நீக்க ஏஎஃப்எஃப்டிடிஎன் (afftdn) ஃபில்டர் போதும். நியூரல் நெட்வொர்க்கால் இரைச்சல் நீக்கும் ஏஆர்என்என்டிஎன் (arnndn) பேச்சுக்கு அபாரம், நாகஸ்வரம் ஓடும் பதிவில் தொடவே கூடாது.

எஃப்எஃப்எம்பெக்கின் ஃபேட் (FATE) என்ற தானியங்கிச் சோதனைகள், ஃபில்டரின் வெளியீட்டைச் சேமித்து வைத்த செக்சம்மோடு (தரவிலிருந்து கணக்கிட்ட அடையாள எண்) ஒப்பிடுகின்றன, ஒரு பிட் மாறினாலும் தெரிந்துவிடும். இதை வீட்டிலேயே செய்யலாம்: சின்ன வீடியோத் துண்டு ஒன்றை, ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒரு செக்சம் எழுதும் ஃப்ரேம்எம்டி5 (framemd5) வடிவில் எழுதி வைத்து, புதுப் பதிப்பு நிறுவியதும் மறுபடி எழுதி, இரண்டையும் டிஃப் (diff) கட்டளையால் ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்தால் எந்த ஃப்ரேமில் என்பது வரை தெரியும். பிழை என்று புகார் கொடுக்கும்போது அந்தத் துண்டையும், முழுக் கட்டளையையும், வெட்டாத கன்சோல் வெளியீட்டையும் சேர்த்துக் கொடுங்கள், "படம் கெட்டு வருகிறது" என்று ஒரு வரி எழுதினால் சரிசெய்பவருக்குப் பிடித்துக்கொள்ள எதுவுமே இருக்காது.